நானூற்றுப் பன்னிரண்டாவது குரல்

நானூற்றுப் பன்னிரண்டாவது குரல் சிவப்பில் வந்து நின்றபோது ஜஸீலாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

அதற்கு முந்தைய நானூற்றுப் பதினொன்றும் பச்சை. எல்லாம் பாராட்டு.

பாராட்டு ஸ்டிரிப்புக்குத்தான். ஆனால் ஜஸீலாவின் காதில் அது எழில்மொழிக்கு என்றுதான் விழும்.

எழில்மொழி கண்டுபிடித்தது விரல் நீளக் காகித ஸ்டிரிப். கடலைப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்து அதில் முக்கினால், கண்ணுக்குத் தெரியாத பூசண நஞ்சு கொஞ்சம் இருந்தாலும் ஒரு நீலக் கோடு விழும். கோடு விழுந்த புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக்கூடாது. வைத்தால் நஞ்சு பாலில் இறங்கும். பால் குழந்தைகளுக்குப் போகும்.

ஜஸீலா கண்டுபிடித்தது கையில் எடுத்துக் காட்ட முடியாத ஒன்று. ஸ்டிரிப் வாங்கியவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதையெல்லாம் கேட்டு, பாராட்டைப் பச்சையிலும் குறையைச் சிவப்பிலும் பிரித்து வைக்கும் மென்பொருள். 'நல்லாத்தான் இருக்கு' என்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மெச்சியும் சொல்வார்கள், கடுப்பிலும் சொல்வார்கள். அந்த வித்தியாசத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இருவரும் தஞ்சாவூர் ஆபீசில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காப்புரிமையும் இருவருக்கும் ஒரே வருடத்தில்தான் கிடைத்தது. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது எழில்மொழியுடையதை மட்டும்.

வருகிறவர்களிடம் முதலாளி நடராசன் எழில்மொழியை விஞ்ஞானி என்பார். ஜஸீலாவை, கம்ப்ளெயிண்ட் பார்க்கிற பொண்ணு என்பார்.

எழில்மொழியின் படம் பேப்பரில் வந்த அன்று கூத்தாநல்லூரிலிருந்து உம்மா போன் செய்து, உன்கூட வேலை பார்க்கிற பிள்ளையாமே என்று கேட்டார். ஜஸீலா ஆமாம் என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

இப்போது சிவப்பை அழுத்தினாள்.

முழுப் பதிவில் குறை இருக்கும் இடத்தை மட்டும் மென்பொருள் வெட்டிக் கொடுக்கும். இருபது வினாடி. வயதான ஒரு பெண்ணின் குரல்.

“நல்லாத்தான் இருக்குங்க உங்க ஸ்டிரிப்பு. ரெண்டு மாசமா வீட்ல கெடந்தத எடுத்து, பூசணம் பூத்த புண்ணாக்குலயே முக்கிப் பாத்தேன். கோடே விழல. இத நம்பி நான் மாட்டுக்கு வைக்கலாமா?”

சிவப்பில் எது வந்தாலும் அந்தப் பொருளைச் செய்தவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும். அந்த விதியை எழுதியவளே ஜஸீலாதான்.

எழில்மொழி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். எழுந்து போனால் பத்து அடி.

ஜஸீலா போகவில்லை.

பத்தரை மணிக்குக் கூட்டம். கீழே வேனில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. மூன்று மாவட்டத்துப் பால் சங்கங்களுக்கு இருபதாயிரம் ஸ்டிரிப். நடராசன் புதுச்சட்டையில் வந்திருந்தார்.

எல்லோர் முன்னாலும் அந்த இருபது வினாடியை ஜஸீலா சத்தமாகப் போட்டாள்.

நடராசன் எழில்மொழியைப் பார்த்து, இது நிஜமா என்று கேட்டார். ஈரக்காற்று பட்டால் ஆறு வாரத்தில் வீரியம் குறைந்துவிடும், அப்புறம் நஞ்சு இருந்தாலும் கோடு விழாது என்று எழில்மொழி தலை நிமிராமல் சொன்னாள். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் குனிந்த தலையை ஜஸீலா ஆசை தீரப் பார்த்தாள்.

நடராசன் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கச் சொன்னார். ஈரம் புகாத உறை தயாராகும்வரை ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்றார். பிறகு ஜஸீலா பக்கம் திரும்பி, நல்லவேளை உங்க மென்பொருள் இருந்துச்சு மேடம் என்றார்.

மேடம் என்று அவர் அவளை அழைத்தது அதுதான் முதல் தடவை.

முழுப் பதிவையும் தனக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். இடத்துக்கு வந்து உட்கார்ந்த ஜஸீலா, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினாள்.

அந்த அம்மாள் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகும் பதிவு ஓடியது. நிறுத்தத் தெரியவில்லை போலும். பக்கத்தில் ஒரு மாடு கத்தியது. பிறகு அதே குரல், கொஞ்சம் தணிந்து, இவ்வளவு போதுமா எழிலு என்று யாரையோ கேட்டது.

பதில் சொன்ன குரலை ஜஸீலாவுக்கு நன்றாகத் தெரியும்.

“போதும்மா. நான் மூணு தடவ சொல்லியும் சார் காதுல போட்டுக்கல. ஜஸீலா கையில கெடச்சா விடமாட்டா.”

ஜஸீலா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

இத்தனை வருடத்தில் ஒருநாளும் முகத்தில் எதையும் காட்டிக்கொண்டதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழில்மொழி, திரும்பி வந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைக்கூட ஜஸீலாவால் பொறுக்க முடியவில்லை.

சொந்த அம்மாவையே பேசவைத்து அனுப்பியது நடராசனுக்குத் தெரிந்தால் அவளுக்கு இங்கே வேலை இருக்காது.

ஜஸீலா கடைசிப் பதினான்கு வினாடியை வெட்டினாள். மீதியை நடராசனுக்கு அனுப்பினாள்.

வெட்டியதை அழிக்கவில்லை. தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.