சுருளாத பாய்

படகின் பின்பக்கம் பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். நடுவில், பாயைச் சுருட்டும் கயிற்றைப் பிடித்தபடி கட்டிங் மாஸ்டர் முனீஸ். முன்னால், அந்தப் பாயைத் தைத்த வேல்விழி.

ஆடிக் காற்று பின்னாலிருந்து அடித்ததும் பாய் புடைத்தது. படகு பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

"போதுங்க மாஸ்டர், சுருட்டுங்க!" முதலாளி கத்தினார்.

முனீஸ் கயிற்றை இழுத்தார். பாயின் அடியிலிருந்த உருளை சுற்றியது. மேலே பாய் அசையவில்லை. வேல்விழி பாயின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, பாய்க்குள்ள ஓடுற வடம் தொளதொளன்னு கெடக்கு. முறுக்கு எப்படி மேல ஏறும்?"

"பனியன் துணிய இழுத்துக் கட்டுனா கெட்டுப்போகும்ல? அதே பழக்கத்துல விட்டுட்டேன் தாயி!"

"ஐயோ, தண்ணிக்குள்ள போயிருவோம்!" வேல்விழி அலறினாள்.

"அட சாமீ, எனக்கு நீச்சல் வேற தெரியாதுங்களே!" முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

முனீஸும் வேல்விழியும் மூச்சைப் பிடித்து வடத்தை இறுக்கினார்கள். மறுபடி கயிற்றை இழுத்ததும் பாய் உச்சியிலிருந்து சுருண்டது. படகு குலுங்கி நின்றது.

எட்டிப் பார்த்தார்கள். சாமளாபுரத்துத் தரிசுக் காட்டில், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்கு இரண்டடி முன்னால், படகை ஏற்றியிருந்த டிரெய்லரின் சக்கரங்கள் நின்றிருந்தன. பாயைச் சோதிக்க வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய அந்தப் படகை டிரெய்லரை விட்டு யாரும் இன்னும் இறக்கவே இல்லை.

மாலையில் அந்தக் கம்பெனிக்கு வேல்விழி கடிதம் எழுதினாள்.

"தண்ணில சோதிச்சீங்களான்னு கேட்டிருக்காங்க. என்னங்க எழுத?"

முதலாளி கிணறு இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணிக்கு ரெண்டடி பக்கத்துலன்னு எழுது கண்ணு."

அப்படியே எழுதி, உறையை ஒட்டிக் கூரியரில் அனுப்பினாள்.