பொன்னுக்குப் பூந்திக்கொட்டை

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் குந்திப் பித்தளைக் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்த பாவாயிக்கு, வாசலில் சேவல் கொக்கரித்ததும் கை நின்றுவிட்டது.

சேவல் வந்துவிட்டதென்றால், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரியும் புருஷனும் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அவள் மடியில் சரடு இருந்தது. கல்யாணத்தில் அம்மா போட்டுவிட்ட பொன் சரடு.

எங்கே ஒளிப்பது? எதிரே வாயகன்ற மண்சட்டியில் புளித்தண்ணீர் இருந்தது. உப்புப் போட்டுக் கரைத்தது. பித்தளைச் சொம்பும் விளக்கும் அதில் ஊறிக்கொண்டிருந்தன. சரட்டை அதற்குள் போட்டு, மேலே தேங்காய் நாரையும் போட்டு மூடினாள்.

புருஷன் மருதாசலத்துக்குப் பந்தயம் வைத்துச் சேவற்கட்டு விடுவதென்றால் உயிர். மேற்காட்டு நிலம் அப்படித்தான் போயிற்று. வண்டி மாடு அப்படித்தான் போயிற்று. மேச்சேரி ஆடு அடைத்த பட்டியில் இப்போது பட்டி மட்டும் இருக்கிறது. மிஞ்சியது இந்தச் சரடு ஒன்றுதான்.

இன்றைக்குச் சாயங்காலம் ஏரிக்கரையில் கட்டு. நாளைக்கு ராசிபுரத்தில் தம்பி கல்யாணம். தம்பிக்குப் பக்கத்தில் அக்காள் நின்று இணைச்சீர் செய்ய வேண்டும். சபை முழுக்க அவள் கழுத்தைத்தான் பார்க்கும்.

துலக்குவதில் பாவாயியை அடித்துக்கொள்ளப் புதுச்சத்திரத்தில் ஆள் கிடையாது. பித்தளைக்குப் புளி, இரும்புக்குச் சாம்பல், வெள்ளிக்குத் திருநீறு, தரைக்குச் சாணி, பொன்னுக்குப் பூந்திக்கொட்டை. ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றுக்கு யாராவது போட்டுவிட்டால், மாட்டுக்கு வைத்த தவிட்டை மாப்பிள்ளைக்கு வைத்ததுபோல் பதறிவிடுவாள்.

சேலத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் ஒருமுறை டப்பாவில் அடைத்த வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று பீற்றிக்கொண்டாள். பாவாயி மோந்து பார்த்துவிட்டு அதை எலி வளையில் கொட்டினாள். எலிகூட அதைச் சட்டை செய்யவில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்குச் சில மாதமாக ஒரே ஒரு குறை. வெள்ளிக்கிழமை தவறாமல் அடுக்குப் பானையிலிருந்து சரட்டை எடுத்துப் பூந்திக்கொட்டை நுரையில் அலசித்தான் வைக்கிறாள். அலச அலச மங்கிக்கொண்டு போகிறது. மனசுக்குள் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மருதாசலம் பொடக்காளிக்கே வந்துவிட்டான். சாணி மெழுகிய தரையைப் பார்த்தான். வேப்பிலை செருகிய கதவு நிலையைப் பார்த்தான்.

“ஏம்புள்ள, இணைச்சீருக்கு அந்தச் சரட்டைப் போடறயில்ல?”

வந்துவிட்டது என்று நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“பூந்திக்கொட்டையிலயே அலசிக்க. புளிகிளி பட்டறாமப் பாத்துக்க. பொன்னுக்குப் புளி ஆகாது.”

அவ்வளவுதான். சரட்டைக் கேட்கவில்லை. சேவலைத் தடவிக்கொண்டே முன்பக்கம் போய்விட்டான்.

பாவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாத மனுஷன். பெண்டாட்டி நகை மங்கிவிடக் கூடாதென்று இவ்வளவு கரிசனமா? தை மாதத்தில் கொக்கி விட்டுப்போயிற்று என்று இதே சரட்டை ஆசாரியிடம் கொண்டுபோனவன், நாலாம் நாளே திருப்பிக் கொடுத்தானே. அவன் கையோடு போன பொருள் வீடு திரும்பியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு அவள் பணியாரம் சுட்டுப் போட்டாள். இவனைப் போய்ச் சந்தேகப்பட்டு, அம்மாவின் சரட்டை எச்சில் பாத்திரம்போலப் புளிக்குள் முக்கினோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவசரமாக நாரை விலக்கிக் கையை விட்டாள்.

முதலில் சொம்பு வந்தது. புளி தன் வேலையைச் செய்திருந்தது, பளபளவென்று இருந்தது.

அடுத்து விளக்கு. அதுவும் பளிச்சென்று இருந்தது.

அடுத்துச் சரடு.

சில மாதமாகப் பூந்திக்கொட்டைக்கு அசைந்து கொடுக்காத மங்கல் போன இடம் தெரியவில்லை. நாரால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். இன்னும் வெளுத்தது. சொம்பின் மேல் வைத்துப் பார்த்தாள். விளக்கின் மேல் வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

சட்டத்தை மீறி ஒரே ஒரு வெள்ளிக்கிழமை புளியில் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நாளைக்குத் தம்பி பக்கத்தில் வெறுங்கழுத்தோடு நிற்கப்போவதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் குடத்தையும் துலக்கி முடித்தாள். அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை.

நல்ல தண்ணீரால் நிரப்பிக் குடத்தை வெயிலில் வைத்தாள். அதன் கழுத்தில் சரட்டை மாலையாகப் போட்டாள்.

“பாவாயி, சேவலுக்குக் கொஞ்சம் தண்ணி மோந்து குடு” என்று கேட்டுக்கொண்டே மருதாசலம் திரும்பி வந்தான்.

“நீங்களே மோந்துக்கங்க. நீங்க சொன்னது நெசந்தானுங்க. பொன்னுக்குத்தான் புளி ஆகாது.”

சொம்பை எடுத்துக்கொண்டு குனிந்தவனுக்குக் குடத்தருகில் கை நின்றுவிட்டது.