தையல் மேசையில் நீர்மூழ்கி

"யாரைக் கேட்டு என் மெஷினைத் தூக்கினீங்க?"

கணவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபது வருஷமாக ஜன்னலோரம் இருந்த தையல் மெஷின், போர்வை போர்த்தி மூலையில் கிடந்தது. அது இருந்த மேசையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. அதன் மூடியில், கடலுக்கடியில் போகும் கறுப்புக் கப்பல் படம்.

"நீர்மூழ்கிக் கப்பல்" என்றார். "நிஜக் கப்பலை அப்படியே சின்னதாக்கி வச்சது. முன்னூத்திச் சொச்சம் துண்டு இருக்கு. ஒட்டி முடிச்சா கை நீளத்துக்கு வரும்."

"கப்பல் கட்ட வேற இடமே கிடைக்கலையா?"

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். கால் தேறிவிட்டது. வலது கைதான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்த கை, இப்போது சட்டைப் பொத்தானுக்கே திணறியது. பயிற்சி சொல்லித்தர வந்த பெண், ரப்பர் பந்தையும் கலர் மணிகளையும் நீட்டினாள். "நான் என்ன நர்சரிப் பிள்ளையா? எடுத்துட்டுப் போங்க" என்று இவள் தட்டிவிட்டதில் மணிகள் வீடெல்லாம் உருண்டன. அதோடு அந்தப் பெண்ணும் வருவதை நிறுத்திவிட்டாள்.

"இனிமே இவ எங்க தைக்கப் போறான்னு முடிவே பண்ணிட்டீங்க, இல்ல?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"வேற எப்படி?"

அவர் உப்புத்தாளை எடுத்துக் கப்பலின் வயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தார்.

தங்கைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறதுன்னா இதுதான்க்கா" என்றாள் தங்கை. "நீ இந்த நிலைமையில இருக்கறப்ப மாமாவுக்கு விளையாட்டுச் சாமான் கேக்குதா? நான் நேர்ல வந்து கேக்கறேன்."

சொன்னபடியே வந்து கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அந்தப் பசையை எடு" என்றார்.

தங்கை பசையை எடுத்து நீட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

கப்பல் வளர்ந்தது. வளர்ந்த லட்சணத்தைத்தான் இவளால் பார்க்க முடியவில்லை. கப்பலின் மேல்மூடி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. பின்னால் இருக்கும் விசிறியின் இதழ்கள் திசைக்கு ஒன்றாய் நின்றன. இருபது வருஷம், ஒரு தையல் கோணினாலும் பிரித்துத் தைத்தவள் அவள்.

"நீங்க பொய்ப்பல்தானே செய்யறீங்க? அரிசி அளவு பல்லை ஊரான் வாயில கச்சிதமா உக்கார வைக்கத் தெரியுது. வீட்டு வேலைன்னா மட்டும் ஏனோதானோவா?"

"இது எனக்குப் பிடிபடலைம்மா."

"பிடிபடாததை எதுக்கு ஆரம்பிச்சீங்க? தள்ளுங்க."

இடுக்கியை இடது கையால் எடுத்தாள். வசப்படவில்லை. எரிச்சலில் வலது கைக்கு மாற்றினாள். விசிறியின் இதழ் நழுவி விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவரையும் அவர் வம்சத்தையும் திட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் போராடி அந்த ஓர் இதழை நேராக ஒட்டினாள்.

"இப்படித்தான் ஒட்டணும். கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

தெரிந்தவர் மறுநாளும் கோணலாகத்தான் ஒட்டினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவள் கத்துவாள், பிரிப்பாள், திரும்ப ஒட்டுவாள்.

"கப்பல் கட்டறது இவராம். மாரடிக்கிறது நானாம்" என்று தங்கையிடம் போனில் பொருமினாள். "ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியலைடி இந்த மனுஷனுக்கு."

ஒரு லீவு நாள். மத்தியானம் கண்ணயர்ந்தவள், தாகமெடுத்து எழுந்து வந்தாள். மேசை இருந்த அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

கணவர் உள்ளே தனியாக இருந்தார். கப்பலின் மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பிகளை நட்டுக்கொண்டிருந்தார். முடி போல மெல்லிசான எட்டுக் கம்பிகள். ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்தார், பசையில் தொட்டார், நிறுத்தினார். கையில் துளி நடுக்கமில்லை. எட்டும் நூல் பிடித்தது போல ஒரே வரிசையில் நின்றன.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, பசை காய்வதற்குள், இடுக்கி முனையால் மூன்றாவது கம்பியை இடப்பக்கம் சாய்த்தார். ஆறாவதை வலப்பக்கம் சாய்த்தார். கடைசிக் கம்பியை அடியோடு பிடுங்கி, அவள் உட்காரும் நாற்காலிக்கு நேராக, வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். பக்கத்திலேயே இடுக்கியையும் வைத்தார்.

அவள் தண்ணீர் குடிக்காமலே சத்தமின்றித் திரும்பினாள். கட்டிலில் உட்கார்ந்து தன் வலது கையை மடக்கி மடக்கிப் பார்த்தாள். ஐந்து விரலும் மடங்கின. என்றிலிருந்து என்று அவளுக்கே தெரியவில்லை.

முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அவருக்குக் கேட்கட்டும் என்று செருப்பைத் தரதரவென்று இழுத்தபடி வந்தாள்.

"இதென்ன, கம்பி நட்டிருக்கீங்களா, குடிகாரங்களை வரிசையில நிக்க வச்சிருக்கீங்களா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? தள்ளுங்க."

அவர் தள்ளி உட்கார்ந்தார். அன்றைக்கு அவள் என்றைக்கும் இல்லாத சத்தத்தில் திட்டினாள். குரல் உடைந்தது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே.