டோல்கேட்டில் இறங்கியவன்

"நெஞ்சு படபடங்குது பாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல மயங்கி விழுந்துடுவ!"

கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற பேய்க் குரல்ல, சூர்யகலா அக்கா காதுல சொன்னேன். திண்டிவனத்துல பஸ் ஏறினதுலேர்ந்து எனக்கு இதே வேலைதான்.

அக்காவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "போன தடவையும் இப்படித்தான் படபடன்னுச்சு. விழுந்தேனா?"

"இன்னிக்கு விழுவ. ஊரே வேடிக்கை பார்க்கும். மரியாதையா இறங்கிடு!"

"பார்த்தா பார்க்கட்டும். மூஞ்சியில தண்ணி தெளிப்பாங்க. கொன்னா போட்டுடுவாங்க?"

எதிர் சீட்டுல மல்லாக்கொட்டை மூட்டையோட இருந்த அம்மாவுக்குப் பொறுக்கலை.

"ஏண்டா, அந்தப் பொண்ணு வெலவெலத்துப் போய்க் கெடக்குது. நீ பயமுறுத்திக்கினு வர்றியே, கூடப் பொறந்தவனா நீ?"

"கூடப் பொறந்தவனா நீ?" அந்தம்மா குரலையே எடுத்து விட்டேன். பஸ்ஸே சிரிச்சுது, அவங்களைத் தவிர.

"கொழுப்பைப் பாரு! கண்டக்டரே, இந்தக் கூத்தைக் கேளுங்க!"

கண்டக்டர் வந்தார். "என்னடா தகராறு?"

"இதுக்கு ஒரு வருஷமா பஸ்ஸுன்னாலே ஆவாது சார். கூட்டேரிப்பட்டுலயே இறங்கி அழுதுக்கினு வீட்டுக்குத் திரும்பிடும். திங்கக்கிழமை விழுப்புரத்துல வேலைக்குச் சேரணுமாம். தினம் தனியா போயிடுமா இது?"

"எல்லாம் தெரிஞ்சுக்கினுதான் பண்றியா?" அந்தம்மா கையை ஓங்கிட்டாங்க. "முதல்ல இவனை இறக்கி விடுங்க!"

"ஆமா, இறக்கி விடுங்க!" பஸ் மொத்தமும் சேர்ந்துக்கிச்சு.

விக்கிரவாண்டி டோல்கேட்ல பஸ் நின்னுது. கண்டக்டர் என் சட்டைக் காலரைப் பிடிச்சார். "நடடா வெளியே. நீயும் இறங்குறியாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தா. கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"அவனை மட்டும் இறக்கிடுங்க. நான் விழுப்புரம் போகணும்."

பஸ்ல ஒரே கைதட்டல். "ஒழிஞ்சுது சனி!"ன்னு அந்தம்மா குரல் ஜன்னல் வழியா வந்து விழுந்துச்சு.

பஸ் கிளம்பிடுச்சு. ரோட்டோரமா நின்னு ஒரு குத்தாட்டம் போட்டேன். லாரிக்காரங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. அப்புறம்தான் போனை எடுத்தேன்.

"கவுன்சிலிங் மேடமா? பார்த்திபன் பேசுறேன். அக்கா மனசுக்குள்ள பயம் என்னென்ன சொல்லுதோ, அதை அவகிட்டயே கேட்டு, நீ வெளியே பேசிக் காட்டு, அவ பதில் சொல்லிப் பழகட்டும்னீங்களே? பிரமாதமா சொல்றா மேடம்! தனியா பஸ்ல போறதைப் பத்தி அடுத்த மாசம் பார்க்கலாம்னீங்க. இப்பவே போய்க்கினு இருக்கா!"

"நிஜமாவா? நீ கூட இல்லையா?"

"எங்கே மேடம்? பயத்தைத்தான் டோல்கேட்லயே இறக்கி விட்டுட்டாளே!"