மூன்று அங்குலம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டின் சிமெண்ட் தரையில் அந்தச் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று செந்தமிழ்செல்வன் நினைக்கவில்லை.

டொக். டொக். டொக்.

கறுப்பு பூட்ஸ். பக்கவாட்டில் ஜிப். குதிகால் மூன்று அங்குலம்.

அண்ணாமலை நகர் வீட்டு மொட்டை மாடியில் ஏழு மாதமாக நடந்து பழகியிருந்தான். போட்டுக்கொண்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் பன்னிரண்டு வருஷமாகக் குனிந்தே கிடந்த முதுகு.

ஏன் பிடிக்கிறது என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. மனைவி ஸ்ரீமதி அதைக் கேட்கவும் இல்லை. "மாடியிலயே எத்தினி நாளு நடப்பீங்க?" என்று மட்டும்தான் கேட்டாள்.

கூட வேலை பார்க்கும் சார்லஸுக்கு இன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாணம். லேப் ஆட்கள் மொத்தமும் வருவார்கள். பூட்ஸ் முழுசாகத் தெரிகிற மாதிரி குட்டையான பேண்ட்டை ஸ்ரீமதிதான் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாமல் அவன் ஒரு ஜோடி செருப்பைப் பையில் போட்டுக்கொண்டான்.

டீக்கடையில் நின்றவர்கள் முதலில் காலைப் பார்த்தார்கள். அப்புறம் முகத்தைப் பார்த்தார்கள். மறுபடியும் காலைப் பார்த்தார்கள்.

அதைவிட மோசம், பின்னாலேயே வந்த ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியிருக்கும். தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. அவன் எட்டிப் போட்டால் அவளும் எட்டிப் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் வைத்துத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து, கிளம்பத் தயாராக நின்ற கடலூர் பஸ்ஸில் அவசரமாக ஏறினான்.

அவளும் ஏறினாள்.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் நிறைந்தது. பக்கத்து இடம் மட்டும் காலியாகவே கிடந்தது.

பின்சீட்டிலிருந்து ஒருவன் ஒரு எண்ணைச் சொன்னான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தன் செல்போனைத் தாழ்வாகப் பிடித்து அவன் கால்களைப் படம் எடுத்தான்.

செல்வனின் கை பைக்குள் போனது. செருப்பின் வார் விரலில் தட்டுப்பட்டது. குனிந்து ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டான்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். பார்வை இறங்கி பூட்ஸில் நின்றது.

"கால் வலிக்கலியா தம்பி?"

அவன் தயாராக வைத்திருந்த பதில்கள் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

"மொதல்ல வலிச்சிது. பழகிடுச்சிம்மா."

"இதுல பத்தாம் சைசு கெடைக்குமா?"

"பொண்ணுங்களுக்கு பத்து ரொம்பப் பெருசாச்சேம்மா."

"பொண்ணுக்கு இல்ல. எம்புள்ளைக்கு."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. முன்சீட்டுக் கம்பியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் ஒரு ஜோடி வெச்சிருந்தான். இதாட்டம்தான், செவப்பு. போட்டுக்கினு தெருவுல ஒரு நாளு நடந்துட்டான். ஊரே சிரிச்சிது. நாந்தான் எடுத்து வெந்நி அடுப்புல வெச்சிட்டேன். அவன் பாத்துக்கினே நின்னான். ஒரு வார்த்த பேசல. மறுநாளு போனவன்தான். மூணு வருசம் ஆவுது."

செல்வன் பைக்குள்ளிருந்து கையை எடுத்தான்.

"நான் வாங்கித் தரேம்மா. எங்க இருக்காருன்னு சொல்லுங்க, நேரா அங்கியே அனுப்பச் சொல்றேன்."

"அது தெரிஞ்சா நான் போயிருக்க மாட்டனா?"

துணிப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு அவளே சொன்னாள்.

"இருந்தாலும் வாங்கி வெக்கலாமில்ல? திடீர்னு வந்து நின்னான்னா, குடுக்க வூட்டுல இருக்கணும்."

தன் செல்போன் நம்பரைச் சொன்னாள், ஒவ்வொரு எண்ணாக. அவன் குறித்துக்கொண்டான். பெயர் கேட்டான். கொளஞ்சியம்மாள். பிள்ளையின் பெயர் தமிழ்மணி.

முட்லூரில் பஸ் நின்றது. அவள் எழுந்தாள். துணிப்பை கனமாக இருந்தது. செல்வன் குனிந்து ஜிப்பை ஏற்றிவிட்டுக்கொண்டு, பையை வாங்கித் தோளில் மாட்டி, அவளுக்கு முன்னால் நடந்தான். பஸ்ஸின் நீளம் முழுக்க டொக் டொக் என்று கேட்டது. செல்போன்காரன் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருந்தான். செல்வன் ஒரு நொடி நின்று அவனை நேராகப் பார்த்தான். செல்போன் மெல்லத் தாழ்ந்தது.

கீழே இறங்கிப் பையைக் கொடுத்தான். அவள் அவன் கையை ஒரு முறை தொட்டுவிட்டு, ரோட்டோரப் பெட்டிக்கடைப் பக்கம் போனாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். செல்வன் படியில் ஏறி நின்றான். பஸ் நகரத் தொடங்கியபோதும் அவள் குரல் கேட்டது.

"குமராட்சிக்கு பஸ்ஸு எந்தப் பக்கம்பா நிக்கும்?"

"குமராட்சியா?" கடைக்காரர் சிரித்தார். "அது சிதம்பரத்துக்கு அந்தாண்ட இல்ல இருக்குது! பஸ்ஸு மாறி ஏறிட்டியாம்மா?"

"பஸ்ஸு மாறல," என்றாள் அவள். "பின்னாலேருந்து பாத்தேன். ஆளு மாறிப்போச்சி."