ஈரமில்லாத இஞ்சினியர்

"நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருந்தா இப்படிச் சொல்வாரா அந்த மனுஷன்?"

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வேலாயுதம் தம் மனைவியிடம் பொருமாத நாளில்லை.

கோயில் மண்டபத்துக்குப் புதிதாகக் கான்கிரீட் கூரை போட்டிருந்தார்கள். அதில் நடக்கப்போகும் முதல் கல்யாணம் அவர் மகள் ரமணியுடையது. கிள்ளான் சம்பந்தியிடம் மண்டபத்தைப் பற்றி அவர் அளந்த அளப்பு கொஞ்சமா நஞ்சமா? இப்போது போய், கூரை நன்றாக இறுகாமல் அடியில் தாங்கி நிற்கும் முட்டுக்கம்புகளைப் பிரிக்க விடமாட்டேன், முகூர்த்தத்துக்குள் ஆகிவிடும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது என்கிறார், மேற்பார்வை பார்க்கும் இஞ்சினியர் பேசில்.

மண்டபம் இல்லையென்றால் கல்யாணத்தைக் கிள்ளானிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று சம்பந்தி சொல்லியனுப்பிவிட்டார். பெண்ணைப் பெற்றவனுக்கு அதைவிடத் தலைகுனிவு ஏது?

வேலாயுதம் ஒரு கூடை மங்குஸ்தீனோடு பேசில் வீட்டுப் படியேறினார். போன வேகத்தில் கூடை திரும்பி வந்தது.

"நான் கூரையைப் பார்த்துத்தான் சொல்வேன். கூடையைப் பார்த்து இல்ல."

"சர்ச்சுக்குப் போற வேதக்காரருக்கு நம்ம முகூர்த்தத்தோட அருமை எங்க தெரியப்போவுது?" என்று மனைவி சீதாலெட்சுமியும் தன் பங்குக்குத் தூபம் போட்டாள்.

ஒரு மாலை, அப்படி என்னதான் இறுகவில்லை என்று வேலாயுதமே ஏணியேறிப் பார்த்தார். கூரை முழுக்க ஈரச் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொட்டச் சொட்ட மூடி வைத்தால் எந்தக் காலத்தில் காய்வது? யாரும் பார்க்காத சமயம் சாக்கையெல்லாம் உருவி ஓரமாகப் போட்டுவிட்டு இறங்கினார்.

மறுநாள் மாலை போனால் சாக்கு பழையபடி கூரைமேல் கிடந்தது. அதுவும் ஈரத்தோடு.

மறுபடி உருவினார். மறுபடி மூடியிருந்தது. மழையும் பெய்யவில்லை. கூலியாட்களைக் கேட்டால், நாங்கள் ஏணிப் பக்கமே போகவில்லை என்று கையை விரித்தார்கள்.

இது யார் வேலை? கல்யாணத்தைக் கெடுக்கப் பங்காளி எவனாவது கிளம்பிவிட்டானா? வேலாயுதத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று விடியற்காலையில் மண்டபத்து மறைவில் போய்க் குந்தினார்.

கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தண்ணீர் வாளியோடு ஒருவர் ஏணியை நோக்கி வந்தார். இஞ்சினியர் பேசில்.

"ஐயா, நீங்களா?"

பேசில் திடுக்கிட்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளியே சொல்லிடாதீங்க வேலாயுதம். கூலியாள் எவனோ விவரம் தெரியாம தினமும் சாக்கை எடுத்துப் போட்டுடறான். புகார் சொன்னா பாவம், அவன் பொழப்பு போயிடும். அதான் நானே வந்து நனைச்சு மூடறேன். அப்படியே விட்டா கூரை வெடிச்சிடும். வெடிச்ச கூரைக்குக் கீழ உங்க பொண்ணை உட்கார வைக்க என் மனசு ஒப்புமா?"

வேலாயுதத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. எட்டி வாளியை வாங்கிக்கொண்டார்.

"காஞ்சாத்தானே ஐயா இறுகும்னு..." என்று இழுத்தார்.

"யாரு சொன்னா? ஈரம் இருந்தாத்தான் இறுகும்."