உழுத மண்ணில் ஒரு ஸ்டாண்டு

“உழுத மண்ணுல ஆடாம நிக்குங்களா சார்?” என்று கேட்டார் கங்கப்பன். தொரப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி, ஓசூரில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் கேமரா கடைக்குள் நுழைந்திருந்தார்.

கடைக்காரர் ராஜசேகருக்குப் பாதிக் கேள்வியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கத் தொடங்கியதிலிருந்து, கேழ்வரகு வயலில் கேமரா வைக்கிறேன் என்று இந்த வாரத்தில் மட்டும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பதினெட்டு வருடமாகக் கடை நடத்துகிறவருக்கு ஆளைப் பார்த்தாலே தெரியாதா என்ன?

“யானைக்குத்தானேண்ணா?”

கங்கப்பன் கொஞ்சம் யோசித்தார். “நெலத்துல வெக்கத்தாங்க” என்றார். “பழைய ஸ்டாண்டு மழையில கால் கழண்டுடுச்சுங்க. ஆயிரத்தைந்நூறு குடுத்து அனுப்பிச்சாங்க. மடக்குனா பைக்குள்ள போவணும்.”

சின்னதாக இருக்க வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. வேறொரு நாளாக இருந்தால் ராஜசேகர் உதட்டைப் பிதுக்கியிருப்பார். இன்றைக்கு அவருக்கு உலகத்தில் எல்லோரையும் பிடித்திருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பத்திரப் பதிவு. பேரிகை ரோட்டில் அரை ஏக்கர் நிலம். கடையில் சேர்த்தது, மனைவி யுவஸ்ரீயின் நகையை விற்றது, எல்லாம் இன்றோடு அந்த மண்ணுக்குள் போகிறது. புரோக்கர் காரோடு வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்.

“எதுக்கும் ஒருதரம் யாரையாவது விசாரிங்களேன்” என்று காலையில்கூடச் சொன்னாள் யுவஸ்ரீ. விசாரித்தால் ஊருக்கே தெரிந்து, நாளைக்கே நிலத்தின் விலை ஏறிவிடாதா? தவிர, விசாரிக்க என்ன இருக்கிறது? நிலம் பார்க்கப் போன அன்றைக்கு அவர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

பக்கத்து வயலின் மறுகோடியில், தொப்பி போட்ட சர்வேயர் ஒருவர் மூன்று கால் ஸ்டாண்டின் மேல் மஞ்சள் கருவியை வைத்துக் குனிந்து அளந்துகொண்டிருந்தார். அங்கே தொழிற்பேட்டை வரப்போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? புரோக்கரைக் கேட்டால், “எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சார், கவர்மென்ட் சமாச்சாரம்” என்று நழுவினார். அந்த நழுவலிலேயே ராஜசேகருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வரப்பில் நின்றபடியே சர்வேயருக்கு உரக்க ஒரு வணக்கம் வைத்தார். அந்த மனுஷன் திரும்பக்கூட இல்லை. அரசாங்க உத்தியோகம் என்றால் அந்தக் கெத்து இருக்கத்தானே செய்யும்!

ராஜசேகர் மூன்று ஸ்டாண்டுகளை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். முதலாவதை ஒரு விரலால் தொட்டார். அது குளிரில் நிற்கிறவன்போல் நடுங்கியது.

“இது எழுநூறு. செல்போனுக்கு ஓகே. நெலத்துல வெச்சீங்கன்னா, காத்தடிச்சதும் கேமராவ அடுத்த ஊர்லதான் தேடணும். இது ஆறாயிரம். சும்மா தொட்டுப் பாருங்க, அவ்ளோதான். இது நமக்கு ஆவும். அலுமினியம், மடக்குனா ஒண்ணரை அடி.”

கங்கப்பன் மூன்றாவதன் தலையில் உள்ளங்கையை வைத்து, மாட்டை வாங்குகிறவர்போல் அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

“ரப்பரைத் திருகி மேல ஏத்துங்க. அடியில ஆணி இருக்குது பாருங்க, மண்ணுல குத்திக்கும். மொதல்ல தடிப்பான காலை இழுங்க, பத்தலைன்னா மட்டும் ஒல்லிக் கால். நடுக் கம்பிய மட்டும் தூக்கவே தூக்காதீங்க, எல்லா ஆட்டமும் அங்கதான். காத்து ஜாஸ்தின்னா ஒரு பையில கல்லைப் போட்டு இந்தக் கொக்கியில தொங்க விட்டுருங்க.”

கங்கப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“மேல வெக்கிறது என்ன வெயிட்டு வரும்?”

“டிபன் டப்பா வெயிட்டுங்க.”

ராஜசேகர் சிரித்துக்கொண்டார். கிலோ கணக்குச் சொல்லத் தெரியாத மனுஷன். “அப்பக் கவலையே வேண்டாம். ஆயிரத்து அறுநூத்தம்பது இதோட விலை. ஆயிரத்தைந்நூறே குடுங்க. நமக்கு இன்னிக்கு நல்ல நாள்.”

கங்கப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “புண்ணியமாப் போவுதுங்க. பழசு ஆடுதுன்னு தெனமும் என்னையத்தான் திட்டறாங்க” என்றபடி ஸ்டாண்டை மடக்கிப் பைக்குள் செருகினார். அளவு கச்சிதமாக இருந்தது.

வாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. ராஜசேகர் பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கங்கப்பனோடு வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். தோளில் கை வைத்து அக்கறையாகக் கேட்டார்.

“யானை எந்த நேரத்துலண்ணா எறங்குது?”

கங்கப்பன் வெட்கத்தோடு சிரித்தார்.

“யானைக்கு இல்லைங்க சார். பேரிகை ரோட்டுல நெலம் பாக்க ஆளுங்க வந்தா, தொப்பியப் போட்டுக்கிட்டு, இதுமேல மஞ்ச பெயின்ட் அடிச்ச டிபன் டப்பாவ வெச்சுக் குனிஞ்சுக்கணும். யாரு வணக்கம் வெச்சாலும் திரும்ப மட்டும் கூடாதுங்க.”